ஷீட்ல நிஃப்டி டேட்டா இழுக்கிறது: பல வருஷம் யூஸ் பண்ணதுல நான் பாத்த லிமிட்ஸ்

கூகுள் ஷீட்ஸ்ல நிஃப்டி, சென்செக்ஸ், பேங்க் நிஃப்டி மூணையும் கூகுள்ஃபைனான்ஸ் ஃபார்முலா போட்டு இழுத்து, பக்கத்துலயே என்னோட எஸ்ஐபி (மாசாமாசம் ஃபண்டுல போடுற பணம்) கணக்கையும் வச்சு பல வருஷமா ட்ராக் பண்ணிட்டு வர்றேன். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இது எங்கெங்க காலை வாரும்னு முன்னாடியே தெரிஞ்சா நல்லதுன்னு தோணுச்சு, அதான் எழுதுறேன். என் கருத்து இதுதான்: மார்க்கெட் எப்படி இருக்குன்னு ஒரு பார்வை பாக்க இது அருமை, ரெக்கார்டா வச்சு கணக்கு போட இதை மட்டும் நம்பக்கூடாது.

லைவ் ப்ரைஸ் 20 நிமிஷம் வரைக்கும் லேட்டா வரலாம்னு கூகுளே ஹெல்ப் பக்கத்துல சொல்லிருக்கு. லாங் டெர்ம் ஆளுக்கு அது பெரிய விஷயமே இல்ல.

உண்மையான தலைவலி தேதிதான். பழைய டேட்டா கேட்டா ஒவ்வொரு வரியிலயும் தேதியோட 15:30ன்னு நேரமும் ஒட்டிக்கிட்டே வரும். பாக்க 4 ஜூன் 2024 மாதிரி தெரியும், ஆனா ஷீட்ஸ் தேதிய ஒரு நம்பராத்தான் வச்சுக்கும், உள்ள இருக்கிற நம்பர் 45447 இல்ல, 45447.6458, அதனால தேதிய வச்சு தேடுற விலுக்அப் போட்டா என்ஏ எரர்தான் வரும், இன்ட் ஃபங்ஷன் போட்டு நேரத்தை வெட்டினாதான் மேட்ச் ஆகும். இன்னொண்ணு, நாம குடுக்கிற தேதிய அது யுடிசி (உலகப் பொது நேரம்) மதியம் 12 மணியா எடுத்துக்குது, அதுக்கு முன்னாடியே மூடுற எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு நாள் தள்ளிப் போகலாம்னும் ஹெல்ப் பக்கத்துலயே இருக்கு. யுடிசி 12ன்னா நமக்கு சாயங்காலம் 5:30, என்எஸ்இ மூடுறது 3:30, அப்போ நாம நேரா அந்த லிஸ்ட்ல வந்துடறோம். ஒரு நாள் தள்ளினா என்ன ஆயிடப்போகுதுன்னு கேட்டா, தேர்தல் ரிசல்ட் வாரத்தைப் பாருங்க: ஜூன் 3, 2024 நிஃப்டி க்ளோஸ் 23263.90, அடுத்த நாள் 21884.50. நீங்க யூனிட் வாங்கின நாளுக்கு எந்த நம்பர் வந்து உக்காருதுங்கிறதுலயே கிட்டத்தட்ட 6 சதவீதம் வித்தியாசம்.

லீவு நாளா இருந்தா வெறும் எரர்தான். வேலை நாளை மட்டும் எண்ணுற ஒர்க்டே ஃபங்ஷன் வச்சு சமாளிக்கலாம்னு பாத்தா அது சனிக்கிழமைய கண்ணை மூடிக்கிட்டு தள்ளிடும், ஆனா 2020லயும் 2025லயும் பிப்ரவரி 1 சனிக்கிழமையா இருந்தும் பட்ஜெட்டுக்காக மார்க்கெட் ஓடுச்சு. நான் இப்ப பண்றது, ஒரே தேதிய கேக்காம பத்து நாள் முன்னாடி ஆரம்பிச்சு ஒரு நாள் கூட சேத்து ரேஞ்சா கேட்டு, எனக்கு வேணுங்கிற தேதிக்கு மேல போற வரிய ஃபில்டர்ல தூக்கிட்டு, மிச்சத்துல கடைசி வரிய எடுத்துக்கறது. எந்த லீவு வந்தாலும் இதுவரைக்கும் நல்லா வேலை செய்யுது.

இதையெல்லாம் விட பெருசு, யாரும் அதிகமா பேசாதது, டிவிடெண்ட். ஃபார்முலால வர்றது ப்ரைஸ் இண்டெக்ஸ் மட்டும்தான், கம்பெனிங்க குடுக்கிற டிவிடெண்ட் அதுல சேராது. உங்க ஃபண்டோட க்ரோத் என்ஏவி-ல (ஒரு யூனிட்டோட விலை) அது சேந்தே இருக்கும். நிஃப்டி டிவிடெண்ட் யீல்டு சும்மா 1.3 சதவீதம்னு வச்சாலும் பத்து வருஷத்துல கூட்டா 13 சதவீதத்துக்கு மேல வந்துடும், அவ்வளவு தூரம் இண்டெக்ஸை பின்னாடி நிறுத்தி வச்சிட்டு என் ஃபண்ட் மேனேஜர் நிஃப்டிய அடிச்சிட்டார்னு சொல்றது நியாயமே இல்ல. இதுக்காகத்தான் 2018 பிப்ரவரியிலேர்ந்து ஃபண்டுங்க டிஆர்ஐ-யோடதான் (டிவிடெண்டையும் சேத்த இண்டெக்ஸ்) கம்பேர் பண்ணணும்னு மார்க்கெட்டை கண்காணிக்கிற செபி சொல்லிடுச்சு. ஆனா ஷீட்ல டிஆர்ஐ இழுக்க வழி இல்ல, நிஃப்டி இண்டிசஸ் சைட்டுல போய் டவுன்லோட் பண்ணித்தான் ஒட்டணும். எஸ்ஐபி போடுற ஒவ்வொருத்தரும் தயவுசெஞ்சு இதை மட்டுமாவது செய்யுங்க.

இண்டெக்ஸோட பிஇ-யும் (விலை லாபத்தைப் போல எத்தனை மடங்குங்கிறது) ஃபார்முலால கிடைக்காது. அந்த சைட்டுல தினமும் போடுற டெய்லி ஸ்னாப்ஷாட் சிஎஸ்வி ஃபைல்ல எல்லா இண்டெக்ஸுக்கும் ஓப்பன், க்ளோஸோட பிஇ, பிபி (விலைக்கும் புத்தக மதிப்புக்கும் உள்ள விகிதம்), டிவிடெண்ட் யீல்டு எல்லாம் இருக்கு, ரொம்ப நல்ல ஃபைல். பழைய பிஇ-ய சேத்து சார்ட் போடுறவங்க ஒண்ணு கவனிக்கணும், 2021 மார்ச் கடைசியில கணக்கு முறைய கன்சாலிடேட்டட் (துணைக் கம்பெனிகளையும் சேத்த) லாபத்துக்கு மாத்துனாங்க, 40க்கு மேல இருந்த நிஃப்டி பிஇ ஒரே நாள்ல 33 பக்கம் வந்துடுச்சு. சார்ட்ல பாத்தா மார்க்கெட் சரிஞ்ச மாதிரி இருக்கும், ஆனா அன்னைக்கு அப்படி ஒண்ணும் நடக்கல.

சைட்டுலேர்ந்து நேரா, வெப் பக்கத்து டேபிளை ஷீட்டுக்கு இழுக்கிற இம்போர்ட்எச்டிஎம்எல் போட்டு எடுக்கலாமேன்னு கேப்பாங்க. ஜாவாஸ்கிரிப்ட்ல லோடு ஆகுற டேபிள் எதுவும் அதுக்கு தெரியாது. யாஹூ ஃபைனான்ஸ்ல நிஃப்டி டேட்டா 2007லேர்ந்துதான் இருக்கு, 2008 சரிவு கிடைக்கும், 2000ல வந்த டாட்காம் சரிவு கிடைக்காது. அங்க சிஎஸ்வி டவுன்லோடும் 2024லேர்ந்து காசு கட்டுறவங்களுக்குத்தான்.

எல்லாத்தையும் ஸ்கிரிப்ட் எழுதி ஆட்டோமேட் பண்ணிடலாம்னு நினைக்கிறவங்களுக்கு, கூகுள்ஃபைனான்ஸ்ல வர்ற பழைய டேட்டாவ ஆப்ஸ் ஸ்கிரிப்ட் (ஷீட்ஸுக்கு கூகுள் குடுக்கிற ப்ரோக்ராம் எழுதுற வசதி) வழியா எடுக்கவோ டவுன்லோட் பண்ணவோ முடியாது, அந்த செல்லுல எல்லாம் என்ஏ-தான் நிக்கும். அதனால நான் ஒரு தனி ஷீட் வச்சிருக்கேன், மாசக் கடைசியில அந்த சிஎஸ்வி-லேர்ந்து க்ளோஸும், பக்கத்துல டிஆர்ஐ-யும் வெறும் வேல்யூவா பேஸ்ட் பண்ணிடுவேன், ரிட்டர்ன் கணக்கு எல்லாம் அதுலேர்ந்து மட்டும்தான். ஃபார்முலா ஷீட் காலையில ஒரு பார்வை பாக்க மட்டும். மாசத்துக்கு கொஞ்ச நேரம்தான் ஆகும், ஃபார்முலா என்னைக்காவது நின்னு போனாலும் பழைய கணக்கு ஒண்ணும் கலையாது.