டிடிபி கடையில் கட்டுரையை எளிமையாக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

வடசென்னையில் விழா மலர், சங்க வரலாறு, கோயில் கையேடு என்று எதையாவது அச்சடிக்க இருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள்.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் படிப்பகத்துக்காக வடசென்னை வரலாற்றை எழுதிக் கொடுத்தார். நடை பழையது, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடினம். தண்டையார்பேட்டையில் ஒரு டிடிபி கடையில் எளிய தமிழில் மாற்றித் தருவதாக போர்டு வைத்திருந்தார்கள். புரியாத சொற்களுக்கு மட்டும் வேறு சொல் போடுங்கள், ஊர், தெரு, ஆள் பெயர்களைத் தொடவே கூடாது என்று சொன்னோம். முதல் தாளிலும் அதை எழுதிக் கொடுத்தோம். மாதிரிக்கு அவர்கள் செய்து காட்டிய முதல் பக்கம் அருமையாக இருந்தது. 3,000 ரூபாய் பேசி, பாதியை முன்பணமாகக் கொடுத்தோம்.

அந்த ஒரு பக்கம்தான் ஆள் செய்தது. மீதி எல்லாம் ஏதோ மென்பொருளில் போட்டு எடுத்தது. தங்கசாலை 'பொன் வீதி' ஆகியிருந்தது. 1772இல் கோட்டைக்குக் குடிநீர் கொடுத்த ஏழுகிணறு, 'ஏழு கேணி'. வள்ளலார் நகர், 'கொடையாளி நகர்'. திருவொற்றியூரில் இருக்கும் பட்டினத்தார் சமாதியை 'நகரத்தார் கல்லறை' என்று மாற்றியிருந்தார்கள். நகரத்தார் என்பது ஒரு சமூகத்தின் பெயர்! அப்படியே அச்சாகியிருந்தால் யாருக்கென்று பதில் சொல்வது? 1923இல் இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர், 'அழகுவேலர்'. 1918இல் பின்னி மில் தொழிலாளர்களை வைத்துத் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், 'சென்னை உழைப்பாளி அமைப்பு'.

பெரியவர் தாளைக் கீழே வைத்துவிட்டார். "இந்தப் பேருங்க மறந்துடக் கூடாதுன்னுதானே தம்பி எழுதுனேன்" என்றார். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

கடைக்காரரைக் கேட்டால், "சாஃப்ட்வேர்ல போட்டா பேரும்தான் சார் மாறும், ப்ரூஃப் பார்க்க வேண்டியது நீங்க" என்கிறார். முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை, மீதியையும் கேட்கிறார்.

ஆங்கிலத்தில் பெயரின் முதல் எழுத்து பெரிதாக இருக்கும், அதை வைத்தாவது மென்பொருள் ஓரளவு கண்டுகொள்ளும். தமிழில் அந்த வசதி இல்லை. நம் ஊர்ப் பெயர்களில் பாதி தங்கம், கிணறு, கல் என்று அன்றாடச் சொற்களால் ஆனவை. பெயர்ப் பட்டியல் கொடுத்தாலும் போதாது. பட்டியலில் 'ராயபுரம்' என்று இருக்கும், கட்டுரையில் 'ராயபுரத்தில்', 'ராயபுரத்துக்கு' என்று வரும். அப்படியே தேடினால் அகப்படாது.

அதனால் கொடுக்கும் முன்பே ஒவ்வொரு பெயரையும் எடுத்துவிட்டு பெ1, பெ2 என்று எண் போட்டுவிடுங்கள். 'பெ1-இல்', 'பெ1-க்கு' என்று உருபு மட்டும் நிற்கட்டும். திரும்பி வந்ததும் பெயர்களை நீங்களே போட்டுச் சேர்த்து எழுதிக்கொள்ளலாம். கொஞ்சம் வேலைதான், ஆனால் பெயர் தப்பிக்கும். மாதிரிப் பக்கத்தைக் கடைக்காரர் எடுக்க வேண்டாம். நடுவிலிருந்து, பெயர் நிறைய வரும் பக்கமாகப் பார்த்து நீங்கள் கொடுங்கள். அப்புறம், பெயர்கள் மாறினால் பணம் திரும்ப வேண்டும் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

ஏற்கெனவே இப்படி மாற்றி வாங்கி அச்சகத்துக்கு அனுப்பியவர்கள், பிளேட் போடும் முன் நிறுத்திவைத்து, கடைசிப் பக்கத்திலிருந்து சரிபார்த்து வாருங்கள்.