பதிவுத் தபால் விரைவு அஞ்சலில் சேர்ந்த பிறகு

2024இல், காலி செய்த வீட்டின் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு, தஞ்சாவூரிலிருந்து சென்னையிலுள்ள வீட்டு உரிமையாளருக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினேன். அதற்கு முன் மூன்று மாதங்களாகத் தொலைபேசியில் பேசியதற்கு எந்தச் சாட்சியும் இல்லை. உறையின் பின்புறம் ஒட்டி அனுப்பிய அட்டை ஒன்பதாம் நாள் என்னிடம் திரும்பி வந்தபோது, அதில் நீல மையில் அவருடைய கையெழுத்தும், அதன் கீழே சற்றுச் சாய்ந்து விழுந்த அஞ்சல் முத்திரையும் இருந்தன. கடிதம் கிடைக்கவில்லை என்று இனி அவர் சொல்ல முடியாது என்ற நிம்மதியை அந்தச் சிறிய அட்டைதான் எனக்குத் தந்தது.

அந்தப் பதிவுத் தபால் 2025இன் பிற்பகுதி முதல் தனிச் சேவையாக இல்லை. 1986இல் தொடங்கப்பட்ட விரைவு அஞ்சலுடன் இணைக்கப்பட்டுவிட்டது. அண்மையில் அம்மாவின் ஓய்வூதிய விண்ணப்பத்தைப் புதிய முறையில் அனுப்பினேன். விரைவு அஞ்சல் என்று மட்டும் சொன்னால் கடிதம் அந்த முகவரியில் இருப்பவரிடம் கொடுக்கப்படும். பெயருக்குரியவரிடமோ அவர் அதிகாரம் அளித்தவரிடமோ மட்டுமே சேர வேண்டுமானால், பதிவு வசதியும் வேண்டும் என்று அஞ்சலகக் கவுண்டரிலேயே கேட்டுப் பெற வேண்டும். இதைத் தெரியாமல் வக்கீல் நோட்டீஸை வெறும் விரைவு அஞ்சலில் அனுப்பிவிட்டுப் பின்னர் தவிப்பவர்கள் இருப்பார்களே என்பதுதான் என் கவலை.

வெளியூருக்கு 50 கிராம் வரை 47 ரூபாய், பதிவுக்கு 5 ரூபாய், இவற்றின்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று 61 ரூபாய்க்கு மேல் ஆனது. பழைய பதிவுத் தபாலின் தொடக்கக் கட்டணம் வரியுடன் 25.96 ரூபாய்தான். கடிதம் விரைவாகப் போகிறது, ஒவ்வொரு கட்டத்தையும் கைபேசியில் பார்க்க முடிகிறது என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிலத் தகராறுக்கும் கூலி பாக்கிக்கும் மனு அனுப்பும் எளியவர்களுக்கு வேகம் முக்கியமில்லை. அனுப்பியதற்கான அத்தாட்சிதான் முக்கியம். அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்க வைப்பது நியாயமாகப் படவில்லை.

அந்த அத்தாட்சிக்குச் சட்டத்தில் இருக்கும் மதிப்பு பெரிது. சரியான முகவரி எழுதி, கட்டணம் செலுத்திப் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம், மாறாக நிரூபிக்கப்படாதவரை, உரிய காலத்தில் சேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்கிறது 1897ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 27ஆம் பிரிவு. காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும் என்னும் நிலையில், அஞ்சலகம் தந்த ரசீதிலுள்ள தேதியே வழக்கைக் காப்பாற்றும்.

ஆகவே ரசீதைப் பணப்பையில் மடித்து வைக்காமல் அன்றே நகலெடுத்துவிடுங்கள். அதன் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடுகிறது. பெற மறுத்தார் என்ற குறிப்புடன் உறை திரும்பி வந்தால் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். ஒட்டியது ஒட்டியபடியே நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டிய ஆவணம் அது.