22 ஜிபி மிச்சம் ஆனது, ரீஸ்டோர் பாயின்ட் காணாமல் போனது

போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்தார். "அண்ணே, என்கிட்ட இருக்கிறது 128 ஜிபி எஸ்எஸ்டி லேப்டாப். டிரைவைச் சுருக்குற ஒரு சாஃப்ட்வேர் போட்டிருக்கீங்களே, அதை நானும் வாங்கலாமா?" ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. இரண்டு வருடமாக வைத்திருக்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 128 ஜிபி என்று விற்பதை விண்டோஸ் 119 என்றுதான் காட்டும். அதில் டிடிபி வேலைக்கான பழைய டிஃப், பிஎம்பி படங்களும் எழுத்துருக்களும் போக எனக்கு மிஞ்சியது 6 ஜிபி. இதைப் போட்ட முதல் நாளிலேயே 22 ஜிபி காலியானது. ஜேபெக், வீடியோ போன்றவை ஏற்கெனவே சுருங்கியவை, அவற்றில் ஒன்றும் பெயராது. ஆனால் சுருக்காமல் சேமித்த படங்கள் பாதிக்கும் கீழே போயின. கோப்பைத் திறக்கும்போது வேகம் குறைந்ததாகவும் தெரியவில்லை. 1993இல் எம்எஸ்-டாஸ் 6.0உடன் வந்த டபுள்ஸ்பேஸ் என்ற சுருக்கும் மென்பொருள், டிரைவில் உள்ள எல்லாவற்றையும் ஒரே பெரிய கோப்புக்குள் அடைத்துவைக்கும். அது கெட்டால் எல்லாமே போச்சு. இது ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகச் சுருக்குகிறது. இரண்டு வருடத்தில் ஒரு கோப்புகூடக் கெடவில்லை. அந்த விஷயத்தில் முழு மார்க் கொடுப்பேன்.

இனி என் கோபம். ஒரு சனிக்கிழமை டிஸ்ப்ளே டிரைவர் மாற்றியதில் திரை கறுப்பாகிவிட்டது. கணினியைப் பழைய நிலைக்குத் திருப்ப விண்டோஸ் குறித்துவைக்கும் ரீஸ்டோர் பாயின்ட்டுக்குப் போனால் சரியாகிவிடும் என்று பதறாமல்தான் இருந்தேன். போய்ப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. முந்தைய வாரம் நானே கையால் போட்டு வைத்ததும் இல்லை. திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டிய பாடநூல் மேசையில் கிடக்க, ஞாயிறு முழுக்க விண்டோஸை மறுபடி நிறுவிக்கொண்டிருந்தேன்.

காரணம் பிறகுதான் புரிந்தது. ரீஸ்டோர் பாயின்ட் டிரைவை அப்படியே இன்னொரு பிரதி எடுத்து வைப்பதில்லை. அது போட்ட நாளில் இருந்த தரவின் மேல் எதையாவது எழுதப் போனால், எழுதுவதற்கு முன் பழையதை 16 கேபி துண்டாக எடுத்து ஓர் ஒதுக்கிடத்தில் போட்டுக்கொள்ளும். என் கணினியில் அந்த ஒதுக்கிடம் 3 ஜிபிதான். சுருக்கும் மென்பொருள் என்ன செய்கிறது? ஞாயிறுதோறும் மாறிய கோப்புகளைத் தேடிப்பிடித்துத் திரும்ப எழுதுகிறது. "மிச்சம்" என்று அது காட்டும் இடம் நமக்குத்தான் காலி. ரீஸ்டோர் பாயின்ட்டுக்கு அங்கே பழைய கோப்பு இன்னும் இருக்கிறது. அதன் மேல் எழுத எழுத 3 ஜிபி நிரம்பும், நிரம்பியதும் விண்டோஸ் மிகப் பழைய ரீஸ்டோர் பாயின்ட்டிலிருந்து ஒவ்வொன்றாக அழிக்கும். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் வால்ஸ்னாப் பெயரில் 33 என்ற எண்ணோடு ஒரு பதிவு விழும், அவ்வளவுதான். என் கணினியில் ஞாயிறுதோறும் அது விழுந்திருந்தது.

இன்னொரு முடிச்சும் உண்டு. டீஃபிராக் செய்யும்போது, அதாவது சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும்போது, ரீஸ்டோர் பாயின்ட்டுகள் அழியாமல் இருக்க கிளஸ்டர் (டிரைவில் இடம் ஒதுக்கும் மிகச் சிறிய அலகு) அளவு 16 கேபியாவது இருக்கட்டும் என்பது அதிகாரப்பூர்வ ஆலோசனை. விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ்ஸில் உள்ள சுருக்கமோ கிளஸ்டர் 4 கேபிக்கு மேல் போனால் வேலையே செய்யாது. ஒன்றுக்குத் தோதாக வைத்தால் மற்றது அடிபடுகிறது.

சரி, வழி இல்லாமல் இல்லை. சி டிரைவில் வாராந்திர அட்டவணையை நிறுத்தினேன். பழைய வேலைகள் கிடக்கும் டி டிரைவை மட்டும் சுருக்க விட்டேன். ஒதுக்கிடத்தை 10 ஜிபி ஆக்கினேன். விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ஷேடோஸ்டோரேஜ் என்று கமாண்ட் பிராம்ப்ட்டில் அடித்தால் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று தெரியும், மாதம் ஒருமுறை பார்க்கிறேன். அப்புறம் எட்டு மாதமாக ஒரு ரீஸ்டோர் பாயின்ட்டும் போகவில்லை. சி டிரைவில் மிச்சமான இடத்தில் 7 ஜிபி இதற்கே போனது, பரவாயில்லை.

ஆனால் மென்பொருளை விற்றவர்களுக்கு மெயில் அனுப்பியபோது "ரீஸ்டோர் பாயின்ட் எங்கள் மென்பொருளின் எல்லைக்குள் வராது" என்று பதில் வந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அட்டவணையை ஆன் செய்யும் இடத்தில் ஒரே ஒரு வரி எச்சரிக்கை போட்டிருந்தால் என் ஞாயிற்றுக்கிழமை தப்பியிருக்கும். அடுத்து வந்த இரண்டு அப்டேட்டிலும் அந்த வரி இல்லை.

நண்பரிடம் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "நீங்க மட்டும் வெச்சிருக்கீங்களே?" என்றார். வைத்திருக்கிறேன்தான், டி டிரைவில் இன்றும் அருமையாக ஓடுகிறது. இருந்தாலும் அந்தக் காசுக்கு ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் பாருங்கள் என்றேன்.