காது வைத்த முள்ளா, தட்டை முள்ளா? இங்கிலாந்துக் குளத்துக்கு எது சரி

வாய்க்காலில் மண்புழு கோத்துக் கெளுத்தி பிடித்து வளர்ந்தவனை இங்கிலாந்தில் ஒரு தூண்டில் கடைக்குள் விட்டால் முதல் பத்து நிமிடம் தலை சுற்றும். எனக்குச் சுற்றியது. ஊரில் சின்ன முள், பெரிய முள் என்று இரண்டே ரகம். இங்கே ஒரு சுவர் முழுக்க முள் பாக்கெட் தொங்குகிறது. போதாததற்கு நம்பர் தலைகீழ்: 10ஐ விட 20 சின்னது. அந்த நம்பரையும் முழுதாக நம்ப முடியாது, ஒரு கம்பெனியின் 16 இன்னொரு கம்பெனியில் 18 போல இருக்கும். கண்ணால் பார்த்து வாங்குவதுதான் நல்லது.

இங்கே கோர்ஸ் ஃபிஷிங் என்பது சால்மன், டிரௌட் வகையறாவை விட்டுவிட்டு மற்ற நன்னீர் மீன்களை, அதாவது ரோச், பிரீம், டெஞ்ச், பெர்ச், கெண்டை போன்றவற்றைப் பிடிப்பது. பிடித்ததைப் பெரும்பாலும் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். (குழம்புக்கு ஒன்றும் வராது என்பதை வீட்டில் புரியவைக்கவே எனக்கு ஒரு வருடம் ஆனது.) மீன் உயிரோடு திரும்பிப் போக வேண்டும் என்பதால் முள் குத்தினால் மட்டும் போதாது, சேதமில்லாமல் கழன்றும் வர வேண்டும்.

சரி, முதல் சண்டை: தட்டை முனையா, காதா? ஊசிக்குக் காது இருப்பது போலவே தண்டின் தலையில் துளை உள்ளது காது முள். துளை இல்லாமல் தலையைச் சப்பையாகத் தட்டி விட்டிருப்பது ஸ்பேட். வொர்செஸ்டர்ஷயரில் ரெடிச் என்று ஊசிக்குப் பேர்போன ஊர் ஒன்று உண்டு, அங்கேயே தூண்டில் முள்ளும் செய்தார்கள். இரண்டும் ஒரே தொழில்தானே, கம்பியை வெட்டிக் கூராக்குவது.

காது முள்ளைக் கட்டுவது சுலபம். தூண்டில் நரம்பைத் துளையில் விட்டு, தெரிந்த முடிச்சைப் போட்டால் முடிந்தது. ஸ்பேட் அப்படியில்லை, நரம்பைத் தண்டின்மேல் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி இறுக்க வேண்டும், என்னைப் போல விரல் தடித்தவர்களுக்கு முடிச்சுக் கருவி இல்லாமல் 20ஆம் நம்பரில் கை வராது. அதோடு நரம்பு தட்டை முனையின் உட்பக்கம், அதாவது முள்ளின் கூர் பார்க்கிற பக்கமாக வெளியே வர வேண்டும். வெளிப்பக்கம் வந்துவிட்டால் இழுக்கும்போது முள் சாய்ந்து குத்தாமல் நழுவும், தட்டையின் விளிம்பு நரம்பையும் அறுக்கும். என் முதல் பத்து முள்ளில் பாதி இப்படித்தான் வீண். இவ்வளவு தொல்லைக்கும் ஸ்பேடை ஏன் விட மாட்டார்கள் என்றால், எடை குறைவு, தலையில் காதும் முடிச்சும் உருண்டையாகத் துருத்துவதில்லை, ஒற்றை ஈப்புழு தண்ணீரில் இயல்பாக இறங்கும். தக்கை போட்டு ரோச் பிடிக்க ஸ்பேட்தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் பெல்லட் (மீன் தீவன உருண்டை), ஸ்வீட்கார்ன் என்று போனால் கதை மாறுகிறது. இவற்றை முள்ளில் நேராகக் குத்தாமல், முள்ளுக்கு வெளியே சின்ன நரம்பு வாலில் தொங்கவிடுவார்கள். ஹேர் ரிக் என்று பேர், ஆரம்பத்தில் நிஜமாகவே தலைமுடியைத்தான் கட்டினார்களாம். மீன் இரையை உறிஞ்சும்போது, மேலே எதுவும் மூடாத முள்ளும் கூடவே வாய்க்குள் போய்விடும். காது இருந்தால் அந்த வாலையும் முடிச்சையும் ஒரே நரம்பில் ஒரே ஓட்டத்தில் கட்டிவிடலாம். ஸ்பேடிலும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

அடுத்தது எதிர்முள். கூருக்குப் பின்னால் திரும்பி நிற்குமே, மீன் வாயிலிருந்து நழுவாமல் பிடிப்பது, அது வேண்டுமா வேண்டாமா? காசு கட்டிப் பிடிக்கும் குளங்களில் பெரும்பாலும் இந்தக் கேள்விக்கே இடமில்லை, எதிர்முள் இல்லாததுதான் போட வேண்டும் என்று வாசல் பலகையிலேயே இருக்கும். ஆனால் பெரிய கெண்டை வளர்க்கும் சில குளங்களில் இதற்கு நேரெதிர் விதி. எதிர்முள் இல்லாதது நீண்ட இழுபறியில் வாய்க்குள் அசைந்து அசைந்து கிழிக்கிறது என்பது அவர்கள் வாதம். அதனால் பலகையைப் படித்த பிறகு பெட்டியைத் திறங்கள். விதி எதுவும் இல்லாத இடத்தில் என் கட்சி எதிர்முள் இல்லாதது. நரம்பு தொய்ந்தால் மீன் போய்விடும் என்று பயமுறுத்துவார்கள், தொய்யவிடாமல் பிடித்தால் அவ்வளவாகப் போவதில்லை. மண்புழு வழுக்கிக் கழன்றுவிடுகிறது என்பது மட்டும் நியாயமான புகார். ஒருமுறை எதிர்முள் வைத்த 14 என் கட்டைவிரலில் இறங்கி, அதை எடுக்க மருத்துவமனையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதே இடத்தில் எதிர்முள் இல்லாதது எத்தனையோ தடவை குத்தியிருக்கிறது, பின்னால் இழுத்தால் வந்துவிடும்.

கம்பியின் தடிமனை நான் ரொம்ப நாள் கண்டுகொள்ளவே இல்லை. இங்கிலாந்தில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் இந்த மீன்பிடிக்குத் தடை. அப்படி ஒரு ஏப்ரலில் ஆற்றுப் பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு கெண்டைக் குளத்துக்குப் போனேன். மெல்லிய கம்பியில் 20ஆம் நம்பர் ஸ்பேட், ஒரு ஈப்புழு. தக்கை அமிழ்ந்தது, கோல் வளைந்தது, நாலைந்து விநாடி கனமாக இழுத்தது, திடீரென்று ஒன்றுமில்லை. நரம்பு அறுந்திருக்கும் என்று சுற்றினால் முள் அப்படியே இருக்கிறது, வளைவு மட்டும் இல்லை. குண்டூசி மாதிரி நிமிர்ந்து கிடந்தது. கெண்டைக்குத் தடித்த கம்பியில் 14, 16. இந்தக் குளங்களில் பலர் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் கமசான் பி911 என்ற முள் அந்த ரகம்தான், தடித்த கம்பி, எதிர்முள் கிடையாது. அதையே கால்வாய் ரோச்சுக்குப் போட்டால் கனத்தில் ஈப்புழு கல்லாக இறங்கும். ஒரே முள்ளில் இரண்டு வேலையும் நடக்காது, நான் முயன்று பார்த்தாயிற்று.

அளவை மீனைப் பார்த்து எடுக்காதீர்கள், இரையைப் பார்த்து எடுங்கள். ஒற்றை ஈப்புழுவுக்கு 20, இரண்டு கோத்தால் 18. அச்சில் வெட்டிய ரொட்டிப் பொட்டுக்கும் அதே அளவு போதும். ஸ்வீட்கார்ன் மணி ஒன்றுக்கு 14, பெரிய மண்புழுவுக்கு 8. ஈப்புழுவைக் கோப்பதில் ஒரு நுணுக்கம்: தடித்த நுனியை இரண்டு விரலால் மெல்ல அழுத்தினால் கண் மாதிரி இரண்டு கரும்புள்ளியும் பக்கத்தில் ஒரு சிறு தோல் மடிப்பும் எழும்பி நிற்கும். முள் அந்தத் தோலில் மட்டும் நுழைய வேண்டும், சாறு வெளியே வரக் கூடாது. வந்தால் அது வெறும் தோல், நெளியாது. தடித்த கம்பியும் மழுங்கிய கூரும் இந்த இடத்தில்தான் காட்டிக்கொடுக்கும்.

கூர் இருக்கிறதா என்று பார்க்கக் கட்டைவிரல் நகத்தில் முனையை வைத்து லேசாக இழுங்கள். நகத்தில் பற்றினால் சரி, வழுக்கினால் தூக்கிப் போட்டுவிடலாம். தூக்கிப் போடுவது என்றால் கரையில் அல்ல, பெட்டிக்குள். புல்லில் கிடக்கும் முள் வாத்தின் காலுக்கோ நாயின் வாய்க்கோதான் போய்ச் சேரும்.

கடையில் ஏற்கெனவே நரம்பு கட்டி விற்கும் முள் வாங்கலாமா? முதல் ஒரு வருடம் தாராளமாக வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் முடிச்சு ஒழுங்காக இருக்கும். கோலில் சுற்றிய நரம்பை விட முள்ளில் கட்டிய நரம்பு மெல்லிசாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், சிக்கி அறுந்தால் தக்கையாவது மிஞ்சும்.

இப்போது என் பெட்டியில் இரண்டு டப்பா. ஒன்றில் மெல்லிய கம்பி ஸ்பேட், 18, 20, கால்வாய்க்கும் ஆற்றுக்கும். இன்னொன்றில் தடித்த கம்பிக் காது முள், 14, 16, கெண்டைக் குளத்துக்கு. எல்லாம் எதிர்முள் இல்லாதவை. மண்புழுவுக்கென்று எதிர்முள் வைத்த 8 நான்கைந்து தனியாக ஒரு தக்கையில் குத்தி வைத்திருக்கிறேன், பெர்ச் மேல் எனக்கு ஒரு ஆசை.