மலையில் எந்த வெங்காயம் வைக்கலாம்? சின்னதா, பல்லாரியா, வடக்கத்தி மஞ்சளா?

எங்களுக்குக் கொள்ளிடக்கரைப் படுகையில் நிலம். வண்டல் மண்ணில் சின்ன வெங்காயம் ஊன்றினால் கிட்டத்தட்ட 65 நாளில் பிடுங்கிவிடலாம். இந்தத் தைரியத்தில்தான் என் மச்சான் கொடைக்கானல் மேல்மலையில் ஒரு ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்தபோது, இங்கிருந்தே விதை வெங்காயம் ஏற்றி அனுப்பினேன். ஏக்கருக்கு 600 கிலோ, அதுவும் நல்ல பருமனாகப் பொறுக்கி. பருமனாகப் பொறுக்கியதுதான் தப்பு. ஏற்கெனவே உணவுச் சேமிப்பு நிறைந்த காய் குளிரில் கிடந்தால் பூக்கத் தயாராகிவிடும். பாதிக்கு மேல் பூத்தண்டு விட்டது. தண்டு வந்த காயின் நடுவில் கட்டை விழும், பட்டறை போட்டு இருப்பு வைத்தால் முதலில் அழுகுவதும் அதுதான்.

மலையிலும் சின்ன வெங்காயம்தான் வேண்டும் என்றால் கோ 5-ஐ விதை தூவி நாற்று விட்டு நடுங்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ரகம், சமவெளியில் சுமார் 90 நாள், குளிரில் இன்னும் இழுக்கும். நாற்று பென்சில் பருமனுக்குக் கீழே இருக்கும்வரை குளிர் பட்டாலும் அவ்வளவாகப் பூ எடுக்காது. விதைச் செலவும் 600 கிலோ காயோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. கோ 4 நல்ல ரகம்தான், ஆனால் அது காய் ஊன்றி வளர்ப்பது, அதனால் படுகைக்கே இருக்கட்டும்.

அடுத்த வருஷம் ஒரு கடையில் "மலை ரகம்" என்று சொல்லி மஞ்சள் வெங்காய விதை கொடுத்தார்கள், பிரவுன் ஸ்பானிஷ் வகை. பயிர் பச்சைப்பசேலென்று நின்றது, தாள் முழங்கால் உயரம், ஆனால் கீழே காயே இல்லை, கழுத்து மட்டும் தடித்துக் கிடந்தது. கடைசியில் வெங்காயத்தாளாகக் கட்டி விற்றோம். உரக் குறை, தண்ணீர்க் குறை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். உண்மையான காரணம் பகல் நீளம். வெங்காயம் எப்போது காய் கட்ட வேண்டும் என்பதை முக்கியமாகப் பகல் நீளத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறது, வெப்பமெல்லாம் அதற்கு அப்புறம்தான். இந்த ரகத்துக்குச் சுமார் 14 மணி நேரப் பகல் வேண்டும். காஷ்மீரில் ஜூன் மாதம் அது கிடைக்கும். தஞ்சாவூரில் ஆண்டின் மிக நீண்ட பகலே 12 மணி 45 நிமிடம்தான், 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலிலும் ஏறக்குறைய அதே அளவுதான், ஏனென்றால் உயரம் ஏற ஏறக் குளிர் கூடுமே தவிர பகல் நீளாது. ஆக "மலைக்கு ஏற்றது" என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் முதலில் கேளுங்கள், எந்த மலை? இமயமலைக்குச் சொன்னது பழனி மலைக்கும் நீலகிரிக்கும் பொருந்தாது.

இப்போது நடுவது அர்கா கல்யாண், பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பல்லாரி. குறும்பகல் ரகம், அதாவது நம் பக்கத்துப் பகல் நீளமே இதற்குப் போதும், அதனால் காய் கட்டுவதில் சிக்கல் இல்லை. மேல்மலையில் பனியும் மூட்டமும் விடாமல் இருக்கும்போது இலையில் ஊதாக்கொப்புளம் என்ற பூஞ்சை நோய் வந்து தாளை மடக்கிவிடும், அதை இந்த ரகம் ஓரளவு தாங்குகிறது. எனக்கு இதுதான் பெரிய விஷயம், மருந்தடித்து மாளாது. குறை என்னவென்றால் விதைப்பிலிருந்து கிட்டத்தட்ட 140 நாள் ஆகும், சின்ன வெங்காயம் அளவுக்கு இருப்பும் தாங்காது, பிடுங்கியதும் தாளை உலர்த்தி விற்றுவிட வேண்டும்.

மச்சானுக்கு இன்னமும் சின்ன வெங்காயத்தின் மேல்தான் ஆசை, விலை அதற்குத்தானே கூட. சரி, முக்கால் ஏக்கர் அர்கா கல்யாண், கால் ஏக்கர் கோ 5 நாற்று என்று பேசி முடித்திருக்கிறோம். இந்தத் தடவை இங்கிருந்து காய் ஒரு கிலோகூட மலையேறாது.