லெவல் ஏறும் வேகம்: சுங்கை சிப்புட் மேசையில் கண்டது

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம். ஒருவர் கதை நடத்துவார். அதன் ஐந்தாம் பதிப்பைச் சில வருடங்களாக விடாமல் ஆடி வருகிறோம். இடம் மலேசியாவில் சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு தையல் கடையின் மாடி. செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் தம்பி, தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், ஈப்போவில் தாதியாக இருக்கும் அக்கா, லோரி ஓட்டும் அண்ணன், கதை நடத்தும் நான். இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச எவ்வளவோ இருந்தாலும், இங்கே ஒன்றைத்தான் எழுதப் போகிறேன்: கதாபாத்திரம் எவ்வளவு வேகத்தில் லெவல் ஏற வேண்டும்? லெவல் என்பது கதாபாத்திரத்தின் பலத்தைக் காட்டும் படி, ஏற ஏறப் புது மந்திரமும் திறமையும் கிடைக்கும். ஒரு மேசை, அதாவது சேர்ந்து ஆடும் குழு, வருடக்கணக்கில் நிலைப்பதும் சில மாதத்தில் கலைவதும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் விதிப்புத்தகத்தில் உள்ளபடி எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளி, கணக்கில் ஆடினோம். 2014 விதிப்படி இரண்டாம் லெவலுக்கு 300 புள்ளி, மூன்றுக்கு 900, நான்குக்கு 2,700, ஐந்துக்கு 6,500. கோப்ளின் என்ற குட்டி அரக்கன் ஒன்றைத் தோற்கடித்தால் 50. நாலு பேர் பங்கு போட்டால் இரண்டாம் லெவலைத் தொட 24 கோப்ளின் வேண்டும்.

இந்த அட்டவணையை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தால் அழகான ஒரு விஷயம் தெரியும். முதல் இரண்டு லெவலும் கதைக்குள் ஒவ்வொரு நாளில் முடிந்துவிடும்படி வைத்திருக்கிறார்கள். அப்புறம் ஐந்திலிருந்து பத்து வரை நன்றாக இழுக்கிறது. பத்திலிருந்து பதினொன்றுக்குப் போக 21,000 புள்ளி கேட்பவர்கள், பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்கு 15,000-தான் கேட்கிறார்கள். நடுவில்தான் ஆட்டம் ருசியாக இருக்கும், அங்கே நின்று அனுபவியுங்கள் என்று அட்டவணையே சொல்கிற மாதிரி இருக்கிறது. எங்கள் அனுபவமும் அதுதான்.

ஆனால் புத்தகம் எண்ணுவது கதைக்குள் நடக்கும் நாளை. நாங்கள் எண்ண வேண்டியது காலண்டரை. மாதம் இரண்டு சனிக்கிழமை கூடினாலே பெரிது. செப்டம்பர், அக்டோபரில் செம்பனைக் குலை குவியும். தம்பிக்கு ஓவர்டைம் மேல் ஓவர்டைம். தைப்பூசத்துக்கு எல்லாரும் ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போய்விடுவோம். அக்காவுக்கு நைட் ஷிப்ட் விழுந்தால் வர முடியாது. வந்தவர்களுக்கு மட்டும் புள்ளி என்ற முறையில், வேலைக்குப் போனவர்தான் பின்தங்குகிறார்.

அது எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சனிக்கிழமையைச் சொல்கிறேன். ஆற்றைக் கடக்கும் இடத்தில் ஆறு கோப்ளின் பதுங்கியிருக்கின்றன. தம்பியின் மந்திரவாதி அப்போதுதான் ஐந்தாம் லெவல். அக்காவின் திருடி இன்னும் நான்கில். ஒரு கூட்டத்தையே ஒரே வீச்சில் எரிக்கும் ஃபயர்பால் மந்திரம் ஐந்தாம் லெவலில்தான் கைக்கு வரும். அதற்கு ஆறுபக்கப் பகடை எட்டு வேண்டும். தம்பியிடம் இருந்தது ஐந்து, மீதியை ஆசிரியரிடம் வாங்கி இரண்டு கையிலும் குலுக்கிப் போட்டார். விழும் அடியின் சராசரியே 28. கோப்ளினுக்கு உயிர்ப்புள்ளி 7. தப்பித்து ஒதுங்கினாலும் பாதி அடி விழும், அதுவே போதும். மேசையே ஆரவாரமாக இருந்தது. அப்புறம் நான், "அக்கா, உங்க டர்ன்" என்றேன்.

"யாரை அடிக்க, தம்பி? ஒருத்தனும் மிச்சம் இல்லையே."

கோபமாகச் சொல்லவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டார், அவ்வளவுதான். அன்று இரவே எல்லாரும் ஒரே லெவல் என்று முடிவு செய்தோம். வந்தாலும் வராவிட்டாலும் லெவல் சேர்ந்தே ஏறும். இன்றுவரை அதை மாற்றவில்லை, மாற்றப் போவதுமில்லை. ஷிப்ட் வேலை பார்க்கும் ஆட்கள் உள்ள மேசைக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது இதைத்தான்.

அதற்கு ஏற்றது மைல்கல் முறை. புள்ளியே கிடையாது, கதையில் ஒரு பெரிய காரியம் முடிந்தால் லெவல். இதில் ஒரு குறை உண்டு. எக்ஸ்பி இருக்கும்போது எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது ஆடுபவருக்குக் கண்ணில் தெரியும். மைல்கல்லில் அது நடத்துபவரின் மனதுக்குள் இருக்கும். லோரி அண்ணன் ஒவ்வொரு தடவையும், "எப்பதான்டா தம்பி ஏத்துவ?" என்று கேட்பார். கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதனால் இப்போது வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: "சுரங்கத்தில் அடைபட்ட ஊர்க்காரர்களை மீட்டால் எட்டாம் லெவல்." சண்டை போட்டு மீட்கலாம், பேசி மீட்கலாம், பணம் கொடுத்தும் மீட்கலாம். இலக்கு தெரிந்துவிட்டால் மேசையில் பேச்சே மாறிவிடுகிறது. எல்லாரும் திட்டம் போட ஆரம்பிக்கிறார்கள்.

சரி, எவ்வளவு இடைவெளி? அமர்வை, அதாவது எத்தனை தடவை கூடி ஆடினோம் என்பதை, எண்ணி ஏற்ற விரும்புபவர்களுக்கு, கதை நடத்துபவருக்கான 2014 வழிகாட்டிப் புத்தகம் ஒரு யோசனை சொல்கிறது: முதல் அமர்வு முடிந்ததும் இரண்டு, அடுத்ததில் மூன்று, இன்னும் இரண்டு அமர்வில் நான்கு, அதற்கு மேல் லெவலுக்கு இரண்டு மூன்று அமர்வு. மாதம் இரண்டு தடவை கூடும் எங்களுக்கே ஒரு வருடத்துக்குள் பத்தாம் லெவல் வந்துவிடும். எனக்கு இது அதிக வேகம். புது மந்திரத்தை ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்காமல் அடுத்தது வந்து நிற்கிறது. ஆசிரியரின் பூசாரி கையில் இருந்த மந்திரங்களில் பாதி தாளில் எழுதியதோடு சரி. மூன்றாம் லெவல் வரை புத்தகம் சொல்லும் வேகமே சரி. முதல் லெவலில் ஒரு நல்ல அடி விழுந்தாலே ஆள் காலி, அங்கே யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது. ஐந்துக்கு மேல் நாங்கள் ஒரு லெவலுக்கு மூன்று நான்கு மாதம் எடுக்கிறோம்.

மெதுவாகப் போனால் சலிக்காதா என்று கேட்பார்கள். லெவலைத் தவிர வேறு எதுவும் கிடைக்காத மேசையில் சலிக்கத்தான் செய்யும். பழைய பதிப்புகளில் இதற்கு நல்ல பதில் இருக்கிறது. அப்போதெல்லாம் மீட்டு வந்த ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. 1981 பேசிக் விதியில் இரண்டாம் லெவலுக்குத் திருடனுக்கு 1,200, போர்வீரனுக்கு 2,000, மந்திரவாதிக்கு 2,500, எல்ஃப் இனத்தவருக்கு 4,000 என்று ஆளுக்கு ஒரு கணக்கு. ஒரு பள்ளி விடுமுறையில் அதை ஆடிப் பார்த்தோம். சண்டை போட்டால் கிடைப்பது சொற்பம், புதையலை எடுத்தால்தான் புள்ளி. உடனே எல்லாரும் சண்டையைத் தவிர்த்துப் பின்வாசல் தேட ஆரம்பித்தார்கள். எதற்குப் புள்ளி தருகிறோமோ அதைத்தான் ஆடுபவர் செய்வார் என்பதை நான் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

1978-இல் வந்த ரூன்குவெஸ்ட் என்ற வேறொரு கதை ஆட்டத்தில் லெவலே கிடையாது. எந்தத் திறமையை ஆபத்தில் பயன்படுத்தி ஜெயித்தாயோ அதற்கு ஒரு குறி போடுவாய். பிறகு நூறுபக்கப் பகடை உருட்டி, அந்தத் திறமைக்கு இப்போதுள்ள எண்ணை விட அதிகம் விழுந்தால் அது கொஞ்சம் கூடும். கை தேறத் தேற மேலே ஏறுவது கடினமாகிறது. பால்மரம் வெட்டிப் பழகியவர்களின் பிள்ளைகள் நாங்கள். இந்தக் கணக்கு எங்களுக்கு விளக்கமே இல்லாமல் புரிந்தது. அதிலிருந்து ஒன்றை ஐந்தாம் பதிப்புக்கு எடுத்துக்கொண்டோம்: லெவலுக்கு நடுவில், கதையில் உண்மையிலேயே பயன்படுத்திய ஒரு திறமையையோ மொழியையோ கருவியையோ கற்றுக்கொள்ளலாம். அக்காவின் திருடி இப்படித்தான் குள்ளர்களின் மொழி பேசக் கற்றாள். லெவல் ஏறிய நாளைவிட அன்று அக்கா முகத்தில் சந்தோஷம் அதிகம்.

புதிதாக மேசை தொடங்குபவர்கள் காசு கொடுத்துப் புத்தகம் வாங்கித்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 5.1, 2023-இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியானது. வேகத்தைத் தயாராகத் தேர்ந்தெடுக்க விரும்பினால் 2009-இல் வந்த பாத்ஃபைண்டர் என்ற இதே மாதிரி ஆட்டத்தைப் பாருங்கள். அதில் மெது, நடுத்தரம், வேகம் என்று மூன்று அட்டவணை உண்டு. இரண்டாம் லெவலுக்கு 3,000, 2,000, 1,300. வாரா வாரம் கூடுபவர்கள் மெது அட்டவணையைப் பயப்படாமல் எடுக்கலாம். எங்களை மாதிரி இடைவெளி விட்டுக் கூடுபவர்கள் மூன்றாம் லெவல் வரை வேகமாகப் போய், ஐந்தில் வந்து நின்று நிதானமாக ஆடுங்கள்.