ஓம் காட்டாததை வோல்ற்றும் அம்பியரும் காட்டும்: இரண்டு மீற்றர்கள், பல வருசப் பாவனை

விசுவமடு, தருமபுரம் பக்கம் தண்ணி மோட்டர் வேலையும் வீட்டு வயரிங்கும் செய்கிறேன். கையில் இருப்பவை இரண்டு மீற்றர்கள். ஒன்று எந்த இலத்திரனியல் கடையிலும் தொங்கும் மஞ்சள் நிறச் சின்ன டிஜிற்றல் மல்டிமீற்றர். மற்றது கிளாம்ப் மீற்றர், வயரை வெட்டாமல் தாடையால் கவ்விப் பிடித்து அம்பியர் பார்க்கிறது. புதிதாக மீற்றர் வாங்குகிற பெடியள் எல்லாரும் முதலில் திருப்புவது தடையை அளக்கும் ஓம் பக்கத்துக்குத்தான். எனக்கு வருசக்கணக்காகச் சோறு போட்டது அதுவல்ல. சாமான் ஓடிக்கொண்டிருக்கும்போதே வோல்ற்றையும் அம்பியரையும் அளந்து போடுகிற கணக்கு.

கணக்கு சாதாரண தர விஞ்ஞானத்தில் படித்ததுதான். வோல்ற்றை அம்பியரால் வகுத்தால் தடை, ஓமில். வோல்ற்றை அம்பியரால் பெருக்கினால் வலு, வாற்றில். முதலாவதை ஜேர்மனியரான ஜோர்ஜ் சைமன் ஓம் 1827இல் புத்தகமாகவே வெளியிட்டார். அம்பியரின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினாலும் வலு வரும். வயர் ஏன் சுடுகிறது என்று சொல்வது இந்த மூன்றாவதுதான். எங்கள் வேலையில் பாதி அதற்குள் இருக்கிறது.

ஒரு தோட்டத்துக் கதையைச் சொல்கிறேன். வீட்டிலிருந்து கிணற்றடிக்கு 80 மீற்றர். 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர், இடையில் ஒரு பொருத்து, மேலே கறுப்பு டேப். ஒரு குதிரைவலு மோட்டர் பின்னேரங்களில் உறுமும், சுத்தாது.

"தம்பி, மோட்டர் போச்சுப்போல கிடக்கு. வைண்டிங் கட்டக் குடுக்கட்டே?" என்றார் தோட்டத்து ஐயா.

"பொறுங்கோ ஐயா, மோட்டரிலை கை வைக்க முதல் வயரைப் பாப்பம்" என்றேன்.

மோட்டரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் 1000 வாற்று அயன் பொக்ஸ் ஒன்றைக் கொழுவினேன். அதை வேண்டுமென்றே செய்வேன். அயன் பொக்ஸ் வெறும் தடை. கணக்கு நேராக வரும். வீட்டில் 228 வோல்ற்று, கிணற்றடியில் 217. கிளாம்ப்பில் 4.1 அம்பியர். 11ஐ 4.1ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2.7 ஓம். இந்த வயர் ஒரு கிலோமீற்றருக்கு 12 ஓம் அளவு. போக 80, வர 80, மொத்தம் 160 மீற்றருக்கு 1.9 ஓம்தான் வரவேணும். மிச்சம் 0.8 ஓம் எங்கே?

பொருத்தின் இரண்டு பக்கமும் முனைகளை வைத்தேன். 3.3 வோல்ற்று. 4.1ஆல் வகுக்க அதே 0.8 ஓம்! அயன் பொக்ஸுக்கே அந்தப் பொருத்து 13 வாற்று தின்கிறது. மோட்டர் ஓடும்போது 6.5 அம்பியர், வர்க்கித்து 0.8ஆல் பெருக்கினால் 34 வாற்று. ஒரு சோல்டரிங் அயனின் சூட்டை டேப்புக்குள் சுற்றி வைத்ததுபோல. டேப்பை உரித்தபோது உள்ளே கரி, செப்பு கறுத்து நொறுங்கியது. புறப்படும் கணத்தில் மோட்டர் ஓடும்போது இழுப்பதைப்போல நாலைந்து மடங்கு இழுக்கும். 30 அம்பியர் என்று வைத்தால் இந்த 2.7 ஓமில் மட்டும் 80 வோல்ற்று விழுந்துவிடும். பின்னேரம் ஊரெல்லாம் லைற் போட்டு லைனே இறங்கியிருக்கும் நேரத்தில் அது எப்படிச் சுத்தும்? பொருத்தை வெட்டியெறிந்து நல்ல கனெக்டர் போட்டோம். மோட்டர் தொட்டவுடன் எடுத்தது. பிறகு வசதி வந்தபோது ஐயா 2.5 சதுர மில்லிமீற்றர் மொத்த வயரும் இழுத்துவிட்டார்.

இதையே மல்டிமீற்றரின் ஓம் பக்கத்தில் தேடியிருந்தால் கிடைத்திராது. முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று முட்டினாலே அந்த மஞ்சள் மீற்றர் அரை ஓம் காட்டும். அதோடு ஓம் பக்கம் மிகச் சின்ன மின்னோட்டத்தைத்தான் அனுப்பிப் பார்க்கிறது. கெட்ட பொருத்து அதற்கு நல்ல பொருத்தாகவே தெரியும். பாரம் ஏறினால்தான் குணம் வெளியே வரும்.

குண்டு பல்ப்பும் அப்படித்தான். 100 வாற்று பல்ப்பின் தடை கணக்கில் 529 ஓம். ஆனால் அணைந்து குளிர்ந்திருக்கும்போது அளந்தால் அதில் பத்திலொரு பங்குகூட இராது. இரண்டும் சரி. இழை சூடாகத் தடை ஏறுகிறது.

மோட்டரில் மட்டும் கவனம். 230ஐ 6.5ஆல் வகுத்து வரும் 35ஐ வைண்டிங்கின் தடை என்று எடுக்கக்கூடாது. வைண்டிங் சில ஓம்தான். பெருக்கி வரும் 1495உம் உண்மையான வாற்று அல்ல. வலுக்காரணி, அதாவது பெருக்கி வருவதில் உண்மையில் வலுவாகும் பங்கு, 0.75 அளவென்றால் 1120 வாற்றுத்தான். மின்கட்டணம் கணக்குப் பார்க்கிறவர்கள் இதை விட்டுவிட்டுப் பயப்படுகிறார்கள்.

கிளாம்ப்பை ஒற்றை வயரில்தான் கொழுவ வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் போவதும் வருவதும் கழிந்து பூச்சியம் காட்டும். சின்ன அம்பியரென்றால் அந்த வயரைத் தாடையில் பத்துச் சுற்றுச் சுற்றி, வருவதைப் பத்தால் வகுக்கலாம். மல்டிமீற்றரின் 10 அம்பியர் துளையை வீட்டுக் கரண்டில் நான் பாவிப்பதேயில்லை. மலிவானவற்றில் அந்தத் துளைக்குப் பியூஸே இராது. தவறி ஒரு பிளக்கில் குத்தினால் கையில் வெடிக்கும். 9 வோல்ற்று பற்றரி இறங்கினால் இந்த மீற்றர் கூடுதலாகக் காட்டத் தொடங்கும், அதையும் பார்க்க வேண்டும்.

கரண்ட் இல்லாத காலத்து வன்னியில் சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டவர்களுக்கு 6 வோல்ற்று, 3 வாற்று என்றால் என்னவென்று கை உளைவில் தெரியும். அரை அம்பியர்தான் அது. இப்போது சூரியத் தகடும் 12 வோல்ற்று பற்றரியும் வந்த வளவுகளில் அதே கணக்கு இன்னும் இறுக்கமாகிறது. 60 வாற்றுக்கு 5 அம்பியர். 0.2 ஓம் பொருத்து ஒன்று இருந்தால் 1 வோல்ற்று போய்விடும், 12இல் ஒரு பங்கு. சாதாரண கிளாம்ப் வீட்டுக் கரண்டான ஏசியை மட்டும்தான் அளக்கும், பற்றரியின் டிசியை அல்ல. சூரிய வேலையும் செய்யப் போகிறவர்கள் கொஞ்சம் காசு கூடினாலும் டிசி அம்பியரும் பிடிக்கிற கிளாம்ப்பையே வாங்குங்கோ.